ஏன் இளைத்துப் போனேன்? கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்



இது நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புற்றுநோய் இல்லை. சிறுநீரகம் கெட்டுப்போகவில்லை. மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கவும் இல்லை. போன தை மாதம் பெருந்துறைக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் பேசிக்கொண்டதாகக் காதுக்கு வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி போனில் அழுதே விட்டாள். "டீச்சர், எங்ககிட்டக் கூட மறைக்கிறீங்களா?" என்றாள்.

மறைக்க ஒன்றுமில்லை. 2024 ஆகஸ்டில் கோவையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அன்று என் எடை 98 கிலோ. இன்று காலை 70. அவ்வளவுதான் விஷயம்.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. உங்களில் நான்கைந்து பேர் தனியாகச் செய்தி அனுப்பி, "எனக்கும் இதைச் செய்யலாமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு முப்பத்து நான்கு வயதுதான். இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் என்றைக்கும் குண்டுதான். அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவரில் கரித்துண்டால் "பூசணி டீச்சர்" என்று எழுதியிருந்தது. மூன்று சுழி 'ண' சரியாகப் போட்டிருந்ததால், எழுதியது யார் என்று நான் தேடவில்லை.

குறைக்க முயலாமல் இல்லை. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்வார்களே, அந்தக் கொள்ளு ரசத்தை ஒரு வருடம் குடித்தேன். காலையில் வெந்நீரில் தேன், எலுமிச்சை. இரவில் சோறு கிடையாது, ரெண்டு சப்பாத்தி. வாய்க்கால் கரையில் நடை. ஊரெல்லாம் பேலியோ உணவு முறை பேசப்பட்ட காலத்தில் அதையும் ஆறு மாதம் இருந்து பார்த்து 9 கிலோ குறைத்தேன். அடுத்த ஒன்றரை வருடத்தில் 11 கிலோ ஏறியது. வீட்டில் எல்லோரும் "வாயைக் கட்டணும்" என்றார்கள். கட்டிய வாயோடுதான் ஏறியது.

இது ஏன் என்று பின்னால் டாக்டரம்மா விளக்கினார். எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததே 1999இல்தான். உணவைக் குறைத்து இளைத்தவர்களுக்கு இந்தச் சுரப்பு கூடிவிடுகிறதாம். ஆக, பட்டினி கிடந்து குறைத்தவருக்கு முன்னைவிட அதிகமாகப் பசிக்கும். மன உறுதி இல்லாதவர்கள் குண்டாகிறார்கள் என்று நாம் நினைப்பது பாதிக்குக் கூட உண்மையில்லை.

இப்போது கணக்குப் பாடம். எடையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்குங்கள். வந்த விடையால் எடையை வகுங்கள். என் உயரம் 1.52 மீட்டர். 1.52ஐ 1.52ஆல் பெருக்கினால் 2.31. 98ஐ அதால் வகுத்தால் 42.4. இதுதான் உடல் நிறை குறியீட்டெண், டாக்டர்கள் பி.எம்.ஐ. என்பார்கள். நம் நாட்டவருக்கு 23க்கு மேல் போனாலே எடை அதிகம், 25க்கு மேல் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது அதிகம் என்பதால், வெள்ளைக்காரர்களைவிட நம் எல்லை குறைவு.

எண் ஒரு பக்கம் இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

சர்க்கரை வந்து பதினான்கு வருடம். இரண்டு வேளை இன்சுலின், மூன்று மாத்திரை. அப்படியும் மூன்று மாதச் சராசரி 9.2. ரெண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மூட்டு மாற்றலாமா என்று கேட்டதற்கு எலும்பு மருத்துவர், "இந்த எடையில் வைத்தால் காயம் ஆறுவதும் கஷ்டம், வைத்த மூட்டு நிற்பதும் கஷ்டம். முதலில் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். குறைக்க நடக்க வேண்டும், நடக்க மூட்டு வேண்டும். இரவில் படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். நாற்காலியில் சாய்ந்து தூங்கியே ரெண்டு வருடம் ஓடியது.

2023 ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியற்காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, சாமி புண்ணியம். ஆனால் எழ முடியவில்லை. எங்க வீட்டுக்காரருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அவர் என் அக்குளில் கை கொடுத்து இழுத்துப் பார்த்தார், மூச்சு வாங்கியதுதான் மிச்சம். ஈரத் தரையில் முக்கால் மணி நேரம் கிடந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனையும் பால்காரரையும் கூப்பிட்டு வந்தார். என் மேல் ஒரு சேலையைப் போர்த்திவிட்டு மூன்று பேராகத் தூக்கி உட்கார வைத்தார்கள். பால்காரர் என்னிடம் படித்தவர். தலை நிமிராமல் தூக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவருடைய அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

அன்று வலியைவிட ஒரு கேள்விதான் என்னை உலுக்கியது. நாளைக்கு நான் படுக்கையில் விழுந்தால் என்னை யார் புரட்டிப் போடுவார்கள்? மகன் பெங்களூரில். இவருக்கு முதுகு வலி. காசு கொடுத்து ஆள் வைத்தாலும் 98 கிலோவைப் புரட்ட ஒருவர் போதாது.

அந்த மாதமே மகனிடம் இந்த அறுவை சிகிச்சை பற்றிப் பேசினேன். அவன் சரி என்றான். மற்றவர்கள் யாரும் சரி என்று சொல்லவில்லை.

எங்க வீட்டுக்காரர், "இத்தன வருசம் இந்த ஒடம்போடதான ஓட்டுனோம், இனி எதுக்குக் கத்தி?" என்றார். எங்க அக்கா நேரிலேயே வந்துவிட்டது. "ஏம்புள்ள, சாமி குடுத்த வயித்த அறுத்து வீசறதா? அறுவத்திரண்டு வயசுல ஆருக்குக் காட்ட இளைக்கோணும்?" இந்தக் கேள்விதான் ரொம்ப நாள் மனதில் நின்றது. ஒரு பெண் இளைக்க நினைத்தால் அது யாருக்கோ காட்டுவதற்கு என்றுதான் நம் ஊரில் நினைக்கிறார்கள். எனக்கு ராத்திரி படுத்துத் தூங்க வேண்டும், குளியலறையில் விழுந்தால் எழ வேண்டும். அதற்குத்தான் கேட்டேன்.

2024 ஏப்ரலில், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதே வகை அறுவை சிகிச்சையின்போது ஓர் இளைஞர் இறந்துபோன செய்தி எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. எங்க வீட்டில் ஒரு வாரம் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெற்றோரை நினைத்து எனக்கும் தூக்கம் வரவில்லை. மே மாதத்துக்கு வாங்கியிருந்த மருத்துவர் சந்திப்பை இவர் ரத்து செய்யச் சொன்னார். நான், "ரத்து செய்ய வேண்டாம். போய் இதையே கேட்போம். பதில் சரியாக இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவோம்" என்றேன்.

போனோம். நோட்டில் பதினேழு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். டாக்டரம்மா பதினேழுக்கும் பதில் சொன்னார். அவற்றில் முக்கியமானவை:

எத்தனை பேர் இறக்கிறார்கள்? அனுபவமுள்ள இடங்களில் ஆயிரம் பேருக்கு ஒருவர், இருவர் என்ற அளவில். பித்தப்பை எடுக்கும் அறுவை சிகிச்சையோடு ஒப்பிடக்கூடிய அளவு. ஆனால் வயது, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சடைப்பு எல்லாம் இருப்பதால் எனக்கு அது கூடுதல் என்று மழுப்பாமல் சொன்னார்.

என்ன கெட்டுப்போகலாம்? தைத்த இடத்தில் கசிவு, ரத்தப்போக்கு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. இந்த மூன்றுக்கும் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், ராத்திரியில் யார் இருப்பார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சர்க்கரை போய்விடுமா? "பதினான்கு வருடச் சர்க்கரை. குறையும். முழுதாகப் போகும் என்று வாக்குத் தர மாட்டேன்" என்றார். இந்தப் பதிலுக்காகத்தான் எங்க வீட்டுக்காரர் அவரை நம்பினார். "எல்லாம் போயிரும்னு சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன்" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

என்ன செய்வார்கள் என்பதைக் கரும்பலகையில் வரைவது போலச் சொல்கிறேன். இதில் இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று ஸ்லீவ். இரைப்பையை நெடுக்குவாட்டில் ஸ்டேப்ளர் போட்டு முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி ஒரு வாழைப்பழம் போலக் குழாயாக நிற்கும். கிரெலின் சுரக்கும் மேல்பகுதியும் சேர்ந்து போய்விடுவதால் பசி குறைகிறது. இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் உச்சியில் முட்டையளவு சிறு பையைப் பிரித்து, குடலை நேராக அதில் இணைப்பார்கள். அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1960களில் தொடங்கியது இதன் முன்னோடி. குடல் புண்ணுக்காக இரைப்பையில் பாதியை எடுத்த பெண்கள் இளைத்துப் போவதைக் கவனித்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம்.

சர்க்கரைக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் பைபாஸ் நல்லது. சத்துக் குறைபாடு அதில் அதிகம். எனக்கு ஏற்கெனவே இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் குறைவு, எண்டோஸ்கோபியில் நெஞ்செரிச்சலுக்கான அடையாளம் இல்லை. எல்லாம் பார்த்து ஸ்லீவ் என்று முடிவானது. இரண்டுமே இப்போது சிறு துளைகள் வழியாகத்தான். என் வயிற்றில் ஐந்து தழும்பு, எல்லாம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

அதற்கு முன் ரெண்டு மாதம் பரிசோதனை. இதயம், நுரையீரல், தைராய்டு, ரத்தம். மனநல ஆலோசகரும் பேசினார். ஓர் இரவு ஒயர்களை மாட்டித் தூங்க வைத்துப் பார்த்ததில், மணிக்கு 41 முறை மூச்சு தடைப்பட்டது தெரிந்தது. முகமூடி போல மாட்டும் சிபாப் கருவியைக் கொடுத்தார்கள். கடைசி இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதக் கஞ்சியும் காய் சூப்பும். ஈரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருந்தால் இரைப்பையை மறைக்கும், அதைச் சுருக்கத்தான் இந்தப் பத்தியம்.

அறுவை சிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மயங்கினேன், விழித்தேன், தோள்பட்டை வலித்தது. வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் அப்படி வலிக்குமாம். அன்று சாயங்காலமே எழுந்து நடக்க வேண்டும் என்றார்கள். நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும். நான் முடியாது என்று முனகினேன். அப்போது பணியில் இருந்த செவிலியர், "டீச்சர், நான் உங்ககிட்ட மூணாம் வகுப்பு படிச்சேன். பிரேயருக்கு லேட்டா வந்தா மைதானத்தச் சுத்தி வரச் சொல்வீங்கல்ல? இப்ப வார்டை ஒரு சுத்து சுத்தி வாங்க" என்றாள். சுற்றினேன். அந்தப் பிள்ளை இதைப் படிக்கிறாள் என்று தெரியும். நன்றாக இரு கண்ணு.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கஷ்டம் அதன் பிறகுதான் தொடங்கியது.

முதல் ரெண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும். ஒரு மூடி அளவு எடுத்து, சப்பிச் சப்பிக் குடிக்க வேண்டும். மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், புரதப் பொடி. நாள் முழுக்கக் குடித்தாலும் ரெண்டு லிட்டரைத் தொடுவது பெரும்பாடு. அடுத்த ரெண்டு வாரம் மசித்த உணவு. பிறகு குழைந்தது. ஆறு வாரம் கழித்துத்தான் ஒரு இட்லியை இட்லியாகச் சாப்பிட்டேன். பாதியில் வயிறு நிறைந்துவிட்டது.

நிறைவதற்கும் அதிகமாவதற்கும் நடுவில் ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது. அந்த ஒரு வாய் கூடினால் நெஞ்சில் கல் விழுந்தது போல அடைத்து, எச்சில் ஊறி, வாந்தி வரும். முதல் மூன்று மாதத்தில் பல முறை வந்தது. அவசரமாக விழுங்கினாலும் வரும். பெல் அடிப்பதற்குள் சாப்பிட்டு முடித்தே நாற்பது வருடம் பழகியவளுக்கு ஒரு வாயை இருபது முறை மெல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத்தான் புரியும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். சோறு விக்கினாலும் கூடாது.

மூன்றாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக. உடம்பு வேகமாக இளைக்கும்போது இப்படிக் கொட்டி, ஆறேழு மாதத்தில் திரும்ப வளரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தெரிந்திருந்தும் அழுதேன். இப்போது வளர்ந்திருக்கிறது, பழைய அடர்த்தி இல்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டமான ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சாப்பாடு என்பது எனக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று அது போன பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அலுப்பாக உட்கார்ந்தால் ஒரு தட்டு அரிசியும்பருப்பும், மேலே நெய். மனசு சரியில்லை என்றால் ரெண்டு ஒப்பிட்டு. அதெல்லாம் இல்லாமல் ஆனதும், மாலை நாலு மணி ஆனால் என்ன செய்வதென்றே தெரியாது. வீட்டில் எல்லோரும் சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட, நான் கரண்டியில் தயிர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பசி இல்லை, ஆசை மட்டும் இருந்தது. அக்டோபரில் ஒரு நாள் இவரிடம், "எதுக்கு இதைச் செஞ்சேன்னு இருக்குதுங்க" என்றேன். அவர் சொல்லிக்காட்டவே இல்லை. "நாலு மணிக்கு வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வரலாம், வா" என்றார். அன்றிலிருந்து தினமும் போகிறோம். டாக்டரம்மாவிடம் சொன்னபோது, இப்படிப் பலருக்கு மனச்சோர்வு வருவதுண்டு, ஆலோசகரைத் திரும்பப் பாருங்கள் என்றார். ரெண்டு முறை போய்ப் பேசினேன். உதவியது.

இன்னொரு சங்கடம், இலையில் மிச்சம் வைப்பது. சத்துணவு சாப்பிடும்போது ஒரு பருக்கை சிந்தக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது பந்தியில் உட்கார்ந்தால் முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது. பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். அதனால் இப்போதெல்லாம் பந்திக்கு முன்பே சமையல்காரரிடம் போய், ஒரு தட்டில் வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

இனி நல்லதைச் சொல்கிறேன்.

இன்சுலின் மருத்துவமனையிலேயே குறைந்து, ரெண்டாம் மாதம் நின்றது. இப்போது மெட்ஃபார்மின் ஒன்று மட்டும். சராசரி 6.6. எட்டாம் மாதம் திரும்பத் தூக்கப் பரிசோதனை செய்து, சிபாப் கருவி வேண்டாம் என்றார்கள். கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறேன். ரத்த அழுத்த மாத்திரை பாதியாகிவிட்டது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறையுமாம். மூட்டுத் தேய்மானம் எக்ஸ்ரேயில் அப்படியேதான் இருக்கிறது. வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டதால் மூட்டு மாற்றும் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நானே ஏறுகிறேன். போன மாதம் பேத்தியோடு தரையில் உட்கார்ந்து தாயம் விளையாடினேன். எழும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் யாரும் தூக்கவில்லை.

நிரந்தரமாக வந்த தொல்லைகளும் உண்டு. முன்பு இல்லாத நெஞ்செரிச்சல் இப்போது இருக்கிறது. ஸ்லீவ் செய்தவர்கள் பலருக்கு இது வருமாம். ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டு, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கிறேன், மாத்திரை போடுகிறேன். கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. முகத்தில் சுருக்கம் விழுந்து பத்து வயது கூடித் தெரிகிறது. பெருந்துறையில் உங்களைப் பயமுறுத்தியது அந்த முகம்தான். இரும்பு, கால்சியம், டி வைட்டமின், பலவகை வைட்டமின் மாத்திரை, பி12 ஊசி எல்லாம் ஆயுள் முழுக்க. இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும். அறுபதுக்கு மேல் தசை போனால் திரும்ப வருவது கஷ்டம். அதனால் தினமும் 60 கிராம் புரதம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு முட்டையில் 6 கிராம். முட்டை, பச்சைப்பயறு, கொள்ளு, தயிர், மீன், கோழி என்று கூட்டிக் கூட்டிச் சேர்க்கிறேன். ரெண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பயிற்சியும் செய்கிறேன்.

எடையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பன்னிரண்டாம் மாதம் 68 வரை போய், இப்போது 70. மீதமுள்ள இரைப்பை மெல்ல விரியும், உடம்பும் பழகிக்கொள்ளும். மிக்சர், ஐஸ்கிரீம், ஜூஸ் எல்லாம் அடைக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த வழியில் போனால் எடை திரும்ப ஏறும். ஏறியவர்களை ஆலோசனைக் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன்.

சரி, கேட்டவர்களுக்கு வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. நீங்கள் விசாரிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. அழகுக்காக, கல்யாணத்துக்காக என்றால் வேண்டாம். நம் போன்ற ஆசியர்களுக்கு 27.5க்கு மேல் போனாலே இதைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பரிசீலிப்பது வேறு, செய்வது வேறு. உங்கள் உடம்பில் என்ன நோய் இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு.

2. இப்போது ஊசிகள் வந்துவிட்டன. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் நம் நாட்டுக்கு வந்தன. நான் முடிவெடுத்தபோது அவை இங்கே கடையில் இல்லை. இன்று முடிவெடுக்கிறவர்கள் அதையும் கட்டாயம் கேட்க வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும் என்பதையும், மாதாமாதம் ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

3. காப்பீடு. ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, எண் 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்தால்தான் இதற்குக் காப்பீடு எதிர்பார்க்க முடியும். காத்திருப்புக் காலமும் உண்டு. பாலிசித் தாளை முழுதாகப் படியுங்கள், முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

4. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முதலிலேயே சொல்லுங்கள். செய்துகொண்டால் ஒன்று, ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள். இளைத்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், எனவே கவனம்.

5. குடிக்கும் பழக்கம் உள்ள பையன்கள் கேளுங்கள். இதற்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் சட்டென்று ஏறும், பழக்கம் அடிமைத்தனமாக முற்றும் ஆபத்தும் அதிகம். கை, மூட்டு வலி மாத்திரைகளையும் கேட்காமல் விழுங்கக் கூடாது, புண் வரும்.

6. ஊரில் பெயர் பெரியது, விளம்பரம் பெரியது என்று போகாதீர்கள். எத்தனை பேருக்குச் செய்தார்கள், தீவிர சிகிச்சை வசதி உண்டா, செய்த பிறகு ஐந்து வருடம் பார்ப்பார்களா என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் எரிச்சல்படுகிற இடத்தில் செய்யாதீர்கள். நான் போன மருத்துவமனையின் பெயரை இங்கே போட மாட்டேன். எனக்குச் சரியாக வந்தது என்பதற்காக உங்களுக்கும் வரும் என்று சொல்ல முடியாது.

7. வீட்டில் ஒருவராவது கூட நிற்க வேண்டும். எனக்கு எங்க வீட்டுக்காரர் நின்றார்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது இளைத்திருந்தால், "என்ன இப்படி ஆயிட்டே?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். குண்டாக இருந்தால், "இன்னும் ரெண்டு வை" என்று கிண்டலும் செய்யாதீர்கள். ரெண்டையும் நான் கேட்டுவிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது. விருந்துக்கு வந்தால் அன்பாகக் கூப்பிடுங்கள், அளவாக வையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எங்க அக்கா இப்போது என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இன்னும் அதற்குச் சம்மதமில்லை. "வயித்த அறுத்தது அறுத்ததுதான்" என்கிறது. ஆனால் போன வாரம் பழனிக்குப் போக எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருக்கிறது. படியில் பாதி தூரமாவது ஏறிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். முடியாவிட்டால் வின்ச் இருக்கிறது.

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள். சொந்த விஷயம் என்றால் தனியாக அனுப்புங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டேன், வாய்க்கால் கரையில் இருப்பேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்.